கயிறு போடும் நேரம்

லண்டன் கோவன்ட் கார்டனில், செயின்ட் பால்ஸ் தேவாலயத் தூண்களுக்கு எதிரே, வித்தைக்காரர் கயிறு போடுகிற நேரம்தான் எனக்கு உயிர். ஒல்லியான மனிதர், ஐம்பதை நெருங்கும் வயது. பெட்டியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துக் கல் பாவிய தரையில் அரைவட்டமாக விரித்தார். தள்ளி நின்று பார்த்தார். ஒரு முனையைக் கொஞ்சம் உள்ளே இழுத்தார். திரும்பவும் பார்த்தார். நின்று வேடிக்கை பார்த்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, கால் விரல் கயிற்றில் படும்படி நிற்கச் சொன்னார். அவள் பக்கத்தில் அவள் அம்மா வந்தாள். அம்மாவுக்குப் பின்னால் நாலு பேர் வந்தார்கள். அவர் வாய் திறந்து உரக்க ஒரு வார்த்தை பேசுவதற்குள் அந்தக் கல்தரை ஆட்டக்களரி ஆகிவிட்டது. ஏணி மேல் நின்று தீப்பந்தங்களை வீசிப் பிடித்ததெல்லாம் அதற்கப்புறம்.

"கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வந்தாப் போதும் மாமா, பெரிய ஐட்டமெல்லாம் அப்பத்தான்" என்றார் என் மருமகன். பலருடைய ரசனை அதுதான். பந்தத்தைப் பிடிக்க யாரும் பழகிக்கொள்ளலாம். அவசரமாகப் போகிறவனின் காலை நிறுத்துவது பழக்கத்தால் மட்டும் வராது.

இதை ரசிக்கும் கண் எனக்குப் பெருமுக்கல் பக்கத்துக் கூத்துக் களரியில் கிடைத்தது. துரியோதனன் கட்டுகிற ஒரு வாத்தியார் இருந்தார். திரையை இரண்டு பேர் பிடித்திருப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கீழே சலங்கை ஒருமுறை அதிரும், நிற்கும். உள்ளிருந்தே விருத்தம் பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். முகவீணை அதையே இன்னொரு சுற்று இழுக்கும். திரையின் விளிம்பை ஒரு கை பற்றும், விட்டுவிடும். மற்றக் கூத்து ஜமாக்களில் அந்த இடத்தில் திரை விலகிவிடும். இவர் விடமாட்டார். கருக்கலில் உப்பளத்துக்குப் போகவேண்டிய ஆட்கள், அரைத்தூக்கத்தில் பாயில் சாய்ந்திருந்தவர்கள், எழுந்து உட்கார்ந்த பிறகுதான் திரை விலகும். பிறகு மிருதங்கம் வெடிக்க, அவர் சுழன்றடிக்கும் கிறிக்கியில் மண் பறக்கும். கிறிக்கியை மற்றவர்களும் நன்றாகவே அடித்தார்கள். அந்தக் காத்திருப்பை அவரைப்போல வேறு யாரும் கையாண்டு நான் பார்த்ததில்லை.

புரிசைக் கூத்துதான் உயர்ந்தது என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. மறுக்க மாட்டேன். பாரிஸ் அருகே வேன்சேன் காட்டிலிருக்கும் தியேத்ர் து சொலெய் குழு, 2016-இல் 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்தை மேடையேற்றியபோது, அதன் இயக்குநர் அரியான் ம்னூஷ்கினின் நடிகர்களுக்குக் கூத்து கற்றுக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான். அந்த நடிகர்கள் தமிழிலேயே பாடி ஆடினார்கள். அது பெரிய காரியம். ஆனாலும் தெற்கத்திப் பாணியில் ஊறிய எனக்கு, வடக்கத்திப் பாணியின் அடவுச் சுத்தத்தைவிட எங்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருக்கும் பிடிவாதமே மேல்.

தெருவில் கூட்டம் சேர்ப்பதென்றால், மொராக்கோவின் மராகேஷ் போய்வந்தவர்கள் ஜமா எல் ஃப்னா சதுக்கத்தைச் சொல்வார்கள். 2001-இல் அதன் வாய்மொழிக் கலைகளை யுனெஸ்கோ சிறப்பித்ததும், அங்கே கதைசொல்லியைச் சுற்றி ஜனங்கள் தாமே வட்டம் கட்டுவதும் உண்மை. கோவன்ட் கார்டனுக்கும் பழமை குறைவில்லை: இனிகோ ஜோன்ஸ் கட்டிய அந்தத் தேவாலயத்தின் அருகே 1662 மே மாதம் ஒரு பொம்மலாட்டம் பார்த்ததாகச் சாமுவேல் பீப்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

என் வருத்தமும் அந்தக் கோவன்ட் கார்டனிலிருந்தே தொடங்குகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் லெஸ்டர் சதுக்கம். ஒலிபெருக்கி வைத்து, பதிவான இசைக்கு மேல் அதே நாலைந்து பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். யாரையும் நிறுத்தவேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. ஓட ஓடச் சத்தம் துரத்தியது. 2025-இல் அந்தச் சத்தமும் ஓயாமல் திரும்பத் திரும்பப் பாடியதும் தொல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏப்ரலில் வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி அங்கே தெருப்பாட்டை நிறுத்திவைத்தது. சத்தம் போடாமல் தெருவில் நின்றவர்களுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர்.

நம் களரியிலும் இதேதான். ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் வந்தபின் முகவீணை கேட்பதில்லை. பல ஜமாக்களில் முகவீணையே இல்லை. கட்டியங்காரன் சினிமாப் பாட்டில் நேரத்தை ஓட்டுகிறான். திரை பிடித்து இரண்டு விருத்தம் முடிவதற்குள் ஒருவர் ரூபாய் நோட்டோடு வந்துவிடுகிறார். பாட்டு நிற்கிறது, அன்பளிப்பு அறிவிப்பு ஓடுகிறது. கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. லண்டனில் ஆட்டம் முடிந்தபின் தொப்பியை நீட்டுகிறார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று யாரும் கத்துவதில்லை. அந்த ஒரு பழக்கம் நமக்கு வந்தால் போதும், விருத்தம் பிழைத்துக்கொள்ளும்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்களே, தெருவில் யாராவது பெட்டியைத் திறப்பதைக் கண்டால் அப்போதே போய் நில்லுங்கள். முடிந்ததும் நழுவாமல் தொப்பியில் நோட்டாகவே போடுங்கள். ஊரில் ஆடியில் கூத்து வைத்தால், சாப்பாட்டை முன்னதாக முடித்துக்கொண்டு, திரை பிடிப்பதற்கு முன்பே பாய் விரித்து உட்காருங்கள். உங்கள் அன்பளிப்பை விடிந்தபின் வாத்தியார் கையில் கொடுங்கள்.