மந்திரத்தின் விலையும் மந்திரவாதி என்னும் பெயரும்: மேசை விளையாட்டுகளும் பெரம்பலூர், அரியலூர்க் கதைமரபும்

ஆய்வுச் சுருக்கம்

வாளும் மாந்திரீகமும் கலந்த மேலைநாட்டுக் கதைவகையைச் சார்ந்த, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் 'மாந்திரீகம் அருகிய' உலகம் என்பது பெரும்பாலும் மந்திரத்தின் அளவைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. இக்கட்டுரை அவ்விளையாட்டு விதிகளைப் பெரம்பலூர் மாவட்டம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் தலக்கதையோடும், அரியலூர் மாவட்டப் பழுவூரோடு தொடர்புடைய 'பொன்னியின் செல்வன்' புதினத்தோடும் ஒப்பிடுகிறது. மந்திரத்தின் விலையைச் செலுத்துவோர் யார், ஒருவருக்கு 'மந்திரவாதி' என்று பெயரிடுவோர் யார் என்னும் இரு வினாக்களே அளவைக் காட்டிலும் முதன்மையானவை என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: மேசை விளையாட்டு, மாந்திரீகம், சிறுவாச்சூர், பழுவூர், பொன்னியின் செல்வன், ரவிதாசன்.

முன்னுரை

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் சிலர் ஒன்றுகூடி அமர்கின்றனர். ஒருவர் நடத்துநராக இருந்து உலகத்தையும் சூழலையும் விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தின் சொல்லையும் செயலையும் உரைப்பர். ஐயத்திற்குரிய செயல்களின் விளைவைப் பகடை முடிவுசெய்யும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகியோர் உருவாக்கி 1974இல் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் முன்னோடி. அதற்கு ஊட்டமளித்த கதைவகைகளுள் ஒன்றுக்கு 1961இல் 'வாளும் மாந்திரீகமும்' என்று பெயர் முன்மொழிந்தவர் எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லைபர். ராபர்ட் ஈ. ஹோவர்ட் படைத்த கோனன் என்னும் வீரன் இக்கதைவகையின் முதன்மைப் பாத்திரம். அவன் இடம்பெற்ற முதல் கதை 1932 டிசம்பரில் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வெளிவந்தது.

கதைக்கும் விளையாட்டுக்கும் இடையே ஒரு முரண் உண்டு. ஹோவர்டின் கதைகளில் மந்திரம் அரிது. பெரும்பாலும் அது எதிரியின் கையில் இருப்பது. விளையாட்டிலோ அது ஆடுவோரின் அன்றாடக் கருவியாயிற்று. காயத்தை ஆற்றுவதும் மந்திரமே. இதற்கு மாற்றாகவே மாந்திரீகம் அருகிய ஆட்டமுறை விரும்பப்படுகிறது. காயம் ஆற மந்திரம் இல்லாதபோது வாளை உருவுவதற்கு முன் ஆடுவோர் இருமுறை எண்ணுகின்றனர். பேச்சு, மாறுவேடம், நட்பு, தப்பியோடுதல் ஆகியவை மதிப்புப் பெறுகின்றன.

விலையைச் செலுத்துவோர்

மந்திரத்தை அரிதாக்க விளையாட்டு நூல்கள் கையாளும் முதன்மை உத்தி, அதற்கு ஒரு விலையை விதிப்பது. 1981இல் வெளியான 'கால் ஆஃப் கதுல்ஹு' விளையாட்டில் மந்திரம் பயில்பவரின் மனநலம் சிதைகிறது. 2012இல் வெளியான 'டஞ்சன் கிரால் கிளாசிக்ஸ்' விளையாட்டில் மந்திரவாதி தன் உடல்வலிமையைக் குறைத்துக்கொண்டு மந்திரத்திற்கு வலுவூட்டலாம். மந்திரம் பிழைத்தால் அவன் உருவமே திரியலாம். இரண்டிலும் விலை தனிமனிதனின் உடல், மனம் ஆகியவற்றின் கணக்கில் எழுதப்படுகிறது. மந்திரம் செய்தவனே அதன் கடனாளி.

பெரம்பலூருக்குத் தெற்கே திருச்சி செல்லும் சாலையையொட்டியுள்ள சிறுவாச்சூரின் தலக்கதை வேறொரு கணக்கைக் காட்டுகிறது. அவ்வூரில் முதலில் உறைந்தவள் செல்லியம்மன். மந்திரவாதி ஒருவன் அவளைத் தன் மந்திர வலிமையால் கட்டுப்படுத்தித் தீச்செயல்களுக்குப் பயன்படுத்தினான். மதுரையிலிருந்து வந்த காளி அங்கு இரவு தங்க இடம் கேட்டபோது செல்லியம்மன் தன் நிலையை எடுத்துரைத்தாள். காளி மந்திரவாதியை அழித்தாள். அதன்பின் செல்லியம்மன் அவ்விடத்தை அவளுக்கே அளித்துவிட்டுப் பெரியசாமி மலைக்குச் சென்றாள் என்பது வழக்கு. திங்கள், வெள்ளி ஆகிய இரு நாள்களில் மட்டும் கோயில் நடை திறக்கப்படுவதற்கும் இக்கதையோடு தொடர்புடைய விளக்கம் கூறப்படுகிறது: ஏனைய நாள்களில் மதுரகாளி மலையில் செல்லியம்மனோடு இருக்கிறாள் என்பர்.

வழிப்போக்கராக வரும் வலியவர் ஒருவர், அச்சத்தில் வாழும் ஊர், மந்திரவாதியின் வீழ்ச்சி என்னும் இக்கட்டமைப்பு கோனன் கதைகளுக்கும் பொருந்துவதே. வேறுபாடு முடிவில் உள்ளது. மந்திரவாதி அழிந்தபின்னும் பழைய நிலை திரும்புவதில்லை. இடத்துக்கு உரியவளே இடம்பெயர்கிறாள். மந்திரம் செய்தவன் உயிரை இழந்தான் எனினும் அதன் நெடுநாள் விலையைச் செலுத்தியவை தெய்வமும் ஊருமே. வாரத்தில் ஐந்து நாள் அடைத்திருக்கும் நடையை அவ்விலையின் அடையாளமாகவும் வாசிக்க இடமுண்டு. விலையைத் தனிமனிதன் மேல் மட்டும் சுமத்தும் விளையாட்டு விதியில் இத்தகைய இழப்புக்கு இடமில்லை.

இரண்டு மோதிரங்கள்

மந்திரம் மெய்யாகச் செயல்படும் சிறுவாச்சூர்க் கதைக்கு மறுமுனையில் நிற்பது, 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்'. அதில் வரும் பழுவேட்டரையர்களின் வரலாற்று இருப்பிடம் இன்றைய அரியலூர் மாவட்டத்தின் கீழப்பழுவூர், மேலப்பழுவூர்ப் பகுதியாகும். இப்புதினத்தில் வாளும் உண்டு. 'மந்திரவாதி' ரவிதாசனும் உண்டு. ஆனால் மந்திரம் இல்லை. மந்திரவாதி என்பது அவன் பழுவூர் அரண்மனைக்குள் நுழைய உதவும் வேடம். ஆந்தையின் அலறல் சதிகாரர்களின் குறிப்பொலி.

கோனனின் முதல் கதையோடு இதனை ஒப்பிடலாம். அதில் தோத்-அமோன் என்னும் அயல்நாட்டு மந்திரவாதி தன் பாம்பு மோதிரத்தை இழந்து அடிமையாகிறான். மோதிரம் மீண்டும் கைக்கு வந்ததும் அவனது ஆற்றலும் திரும்புகிறது. கல்கியின் புதினத்திலும் ஒரு மோதிரம் உண்டு. நந்தினி அளிக்கும் பனை இலச்சினை மோதிரத்தைக் காட்டி வந்தியத்தேவன் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைகிறான். பாம்பு மோதிரத்தில் இருப்பது மந்திரம்; பனை மோதிரத்தில் இருப்பது அரசதிகாரம். இரண்டும் பூட்டிய கதவைத் திறக்கின்றன. மாந்திரீகம் அருகிய ஆட்டத்தில் மந்திரப் பொருளை நீக்கியபின் அவ்விடத்தில் எதனை வைப்பது என்னும் நடத்துநரின் இடர்ப்பாட்டிற்குக் கல்கி தரும் விடை இது.

பெயரிடுவோர்

ரவிதாசன் முற்றிலும் கற்பனைப் பாத்திரம் அல்லன். அரியலூருக்கு அண்டை மாவட்டமான கடலூரில், காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. ஆதித்த கரிகாலன் கொலையில் துரோகிகளானோரின் உடைமைகள் குறித்த அக்கல்வெட்டு சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. பிரமாதிராசன் என்பது பிராமண உயர் அலுவலர்க்கு அரசு வழங்கிய பட்டம். கல்வெட்டு அவனைத் துரோகி என்கிறது. மந்திரவாதி என்பது புதினம் சேர்த்தது. பட்டம் பெற்ற அலுவலன், புதினத்தில் காட்டிலும் பள்ளிப்படையிலும் மறைந்து திரியும் மந்திரவாதியாகிறான்.

தோத்-அமோனும் ரவிதாசனும் தோற்ற தரப்பினர். ஒருவன் அயலான், அடிமை. மற்றவன் வீழ்ந்த பாண்டியனின் ஆபத்துதவி. வென்றவர் பார்வையில் சொல்லப்படும் கதையில் தோற்றவரின் அறிவும் அமைப்பும் சூழ்ச்சியும் 'மந்திரம்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஹோவர்டின் கதைகளில் இப்பெயரிடல் இனப்பாகுபாட்டோடு இணைந்து வருவதைத் திறனாய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். தமிழ்ச் சூழலிலும் சூனியக்காரர் என்னும் பழி எளியோர்மீது சுமத்தப்படும் ஆபத்து இன்றும் உள்ளது. எனவே, பகைவனை மந்திரவாதி என்று நடத்துநர் அறிவித்தவுடன் ஆடுவோர் அவனைக் கொல்லும் உரிமையைப் பெற்றுவிடும் ஆட்டம், அப்பழியை ஐயமின்றி ஏற்கப் பழக்குகிறது.

விளையாட்டு மேசைக்கான விளைவுகள்

தமிழ் நிலத்தைக் களமாகக் கொள்ளும் ஆட்டம், ஊர்ப்பெயரையும் உடையையும் மட்டும் மாற்றி அமையுமாயின் அது ஒப்பனையாகவே முடியும். மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து விதியளவிலான மூன்று மாற்றங்கள் பெறப்படுகின்றன. முதலாவது, மந்திரத்தின் விலை ஊரின் கணக்கில் எழுதப்பட வேண்டும்: ஒவ்வொரு முறையும் ஊர் ஒரு நீர்நிலையையோ திருவிழாவையோ காவலையோ இழக்கலாம். அவ்விழப்பு அடுத்த அமர்விலும் தொடர வேண்டும். இரண்டாவது, ஒருவன் மந்திரவாதியா என்பதை நடத்துநர் முன்கூட்டி அறிவித்தலாகாது. அப்பெயரை முதலில் சொன்னவர் யார், அதனால் பயனடைவோர் யார் என்பதை ஆடுவோர் உசாவி அறிய வேண்டும். மூன்றாவது, மந்திரம் தரும் வியப்பைப் பிறவற்றால் ஈடுசெய்ய வேண்டும். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்தில் கிடக்கும் கல்மரம், மந்திரமின்றியே திகைப்பூட்டும் பொருளுக்குச் சான்று.

இங்கு ஒரு மறுப்பு எழலாம்: வழிபாட்டில் உள்ள தெய்வத்தின் கதையைப் பகடை ஆட்டத்திற்குப் பயன்படுத்துவது தகுமா? 1980இல் வெளியான 'டீட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்னும் விளையாட்டு நூல் இந்திரன், காளி உள்ளிட்ட இந்தியத் தெய்வங்களுக்கு உயிர்ப்புள்ளி எண்களை வழங்கியது. எண் வழங்கப்பட்ட தெய்வம் கொல்லத்தக்க எதிரியாகிவிடுகிறது. இம்மறுப்பு அத்தகைய பயன்பாட்டுக்கு முழுதும் பொருந்தும். தலக்கதையின் அறத்தை விதியாக்குவது வேறு; தெய்வத்தைப் பாத்திரமாக்கி எண்ணிடுவது வேறு. முன்னதையே மேற்கண்ட மாற்றங்கள் கோருகின்றன.

முடிவுரை

மாந்திரீகம் அருகிய ஆட்டம் மந்திரத்தைக் குறைத்துக் கூறுவதால் மட்டும் சிறப்படைவதில்லை. மந்திரம் மெய்யான சிறுவாச்சூர்க் கதை அதன் விலை ஊரின்மீது விழுவதைக் காட்டுகிறது. மந்திரம் பொய்யான பழுவூர்ப் புதினம், உடையார்குடிக் கல்வெட்டோடு வைத்து நோக்கும்போது, மந்திரவாதி என்பது சூட்டப்படும் பெயர் என்பதைக் காட்டுகிறது. இவ்விரண்டையும் விதியாகக் கொள்ளும் ஆட்டத்தில் வாளை உருவும் முன் ஆடுவோர் தம் வலிமையை மட்டும் அன்றி, எதிரே நிற்பவனுக்குச் சூட்டப்பட்ட பெயரையும் எடைபோட நேரும்.