வல்லத்திலிருந்து வள்ளத்துக்கு: செஞ்சியின் கடலைச் சிறு படகில் ரசிப்பது எப்படி?

எங்கள் ஊர் வல்லம். செஞ்சிப் பக்கம் மணிலாவும் நெல்லும் விளைகிற மண். எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைக் குன்று தெரியும், கடல் தெரியாது. ஆனால் கடலோரத்து மக்கள் படகுக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று வள்ளம். எங்கள் ஊர்ப் பெயரில் லகரத்தை ளகரமாக மாற்றினால் படகில் ஏறிவிடலாம். ஊருக்கும் கடலுக்கும் உள்ள தூரமும் அப்படித்தான். நாம் நினைப்பதைவிட அது மிகவும் குறைவு.

மத்தியதரைக் கடலில் சிறு கப்பல்களில் சுற்றி வருவது உலகப் பயணிகள் விரும்பும் ஒன்று. கிரேக்கத் தீவுகளையும் துருக்கியின் தென்கரையையும் மரக் கப்பல்களில் பத்து இருபது பேராகச் சுற்றிப் பார்க்கிறார்கள். ஆயிரக்கணக்கானோரை ஏற்றும் பெரிய கப்பல் நுழைய முடியாத சின்னத் துறைகளில் சிறு கப்பல் நுழையும், இடிந்த கோட்டைக்குக் கீழேயே நங்கூரம் போடும். கரையோடு ஒட்டிப் போவதால் கரையின் கதை காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது.

இந்த ரசனைக்கு நம் கரையும் ஏற்றது. மரக்காணத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரையிலான கரை அந்நாளில் செஞ்சியின் கடற்கரையாக இருந்தது. அதை ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை. நாலைந்து இடங்களாகப் பிரித்து, சிறு படகுகளில் நிதானமாகப் பாருங்கள். எங்கே, எதை, எப்படிப் பார்ப்பது என்பதற்கு என் அனுபவத்திலிருந்து சில வழிகள்.

மலையில் தொடங்குங்கள்

கடலைப் பார்க்கப் புறப்படுகிறவர் முதலில் ராஜகிரி ஏறுங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் மதில் சுற்றி இணைத்த கோட்டை இது. மராட்டியப் படைத்தளக் கோட்டைகள் என்ற பெயரில் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

உச்சியில் கிழக்கு நோக்கி நின்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இவ்வளவு பெரிய கோட்டைக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? வயல்களிலிருந்து வந்தது, துறைமுகங்களிலிருந்தும் வந்தது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துகீசியர் குடியேறிய பரங்கிப்பேட்டை, செஞ்சி நாயக்கர்களின் ஆட்சிக்கு உட்பட்டது. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் வணிகம் தொடங்கியதும் செஞ்சி நாயக்கரின் அனுமதியோடுதான். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தபோது, புதுச்சேரியில் புதிதாகக் கடை போட்டிருந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மார்த்தேன் அவருடன் சமாதானம் பேச வேண்டியிருந்தது. கடற்கரையில் யார் கொடி பறந்தாலும் அதற்கு அனுமதி இந்த மலையடிவாரத்தில் கிடைத்த காலம் அது. இதை மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். கீழே பார்க்கப்போகும் ஒவ்வொரு முகத்துவாரமும் இந்த மலையோடு உறவுள்ளது.

ஆற்றோடு போங்கள்

அடுத்த வழிகாட்டி ஆறு. செஞ்சி ஆறு, வராக நதி, சங்கராபரணி என்று ஒரே ஆற்றுக்கு மூன்று பெயர்கள். செஞ்சிப் பகுதியில் பிறந்து வீடூர் அணையில் தேங்கி, திருவக்கரையைக் கடந்து, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறது. திருவக்கரையில் இறங்கிக் கல்மரப் பூங்காவைப் பாருங்கள். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து புதைத்த மரங்கள் பாறையாகிக் கிடக்கின்றன. மரத்தின் வளையங்கள்கூடக் கல்லில் தெரிகின்றன. ஆறு எவ்வளவு பழைய பாரத்தைச் சுமந்து வந்தது என்பதை அங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம்.

கடலை நெருங்கியதும் ஆறு கிளை பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறு, இன்னொன்று சுண்ணாம்பாறு. அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா சாடித் துண்டுகளும், இத்தாலியில் செய்த சிவப்பு மட்பாண்டங்களும் கிடைத்தன. திராட்சை மது, ஒலிவ எண்ணெய், மீன் சாறு ஆகியவற்றை அடைத்து வந்த சாடிகள் அவை. பின்னர் 1947 முதல் 1950 வரை ஜான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் ஆய்வைத் தொடர்ந்தார்கள். கண்ணாடி மணியும் கல்மணியும் செய்த தொழிற்கூடம் இது என்பதும் தெரியவந்தது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் கையேட்டில் வரும் பொதுகே இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

மத்தியதரைக் கடலை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. அது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செஞ்சி ஆற்றின் வாய்க்கு வந்துவிட்டது.

இங்கே ஒரு தவறைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். மேட்டில் நிற்கும் செங்கல் சுவரை ரோமானியர் கட்டியது என்று நினைத்துப் படம் எடுப்பவர்கள் உண்டு. அது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டியது. பழைய துறை காலடியில் மண்ணுக்குள் இருக்கிறது. சுவருக்கு முதுகைக் காட்டி ஆற்றைப் பார்த்து நில்லுங்கள். ஆறு வளைந்து வந்து நீர் அமைதியாகும் அந்த இடத்தைப் பார்த்தாலே துறை ஏன் இங்கே அமைந்தது என்று புரியும். பார்வை பழகியவருக்கு இடிபாட்டைவிட இடம் அதிகம் சொல்லும்.

கரையைத் தண்ணீரிலிருந்து பாருங்கள்

இனி படகு. புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் சுண்ணாம்பாறு படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து முகத்துவாரத்து மணல்திட்டு வரை படகு போகிறது. பலர் திட்டுக்குப் போய் இறங்கிக் குளிப்பதோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அணியத்தில், படகின் முன்பக்கத்தில், ஓர் இடம் கேட்டு உட்காருங்கள். மூன்று மாற்றங்களைக் கவனியுங்கள். முதலில் நீரின் நிறம்: ஆற்றின் பச்சை, கழியின் பழுப்பு, கடலின் நீலம் என்று மாறும். அடுத்தது மணம்: சேற்று வாசனை உப்பு வாசனையாகும். மூன்றாவது ஓசை: மரங்களில் பறவைச் சத்தம் குறையக் குறைய, மணல்மேட்டுக்கு அப்பாலிருந்து அலையின் இரைச்சல் வரும். அலை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும்.

அந்த இரைச்சல்தான் இந்தக் கரையின் வரலாறு. மத்தியதரைக் கடலில் பாறைக் குடாக்கள் உண்டு, கப்பல் கரையோடு அணைந்து நிற்கும். சோழமண்டலக் கரை ஆழமில்லாத மணற்கரை. ஐரோப்பியக் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்றன. பொன்னும் துணியும் ஆளுநர்களும் அலைகளைக் கடந்தது நம்மவர்களின் சிறு படகுகளில்தான். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுக்குச் சலங்கு என்று பெயர். அலை அறைந்தால் ஆணி அடித்த படகு பிளக்கும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லை ‘ஷெலேங்க்’ என்று தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டார்கள். கட்டுமரம் என்ற சொல்லோ உலக மொழிகளுக்கெல்லாம் போய்விட்டது.

எனவே இந்தக் கரையில் சிறு படகில் ஏறுகிறவர் இந்தக் கரையின் பழைய, சரியான வாகனத்தில் ஏறுகிறார். கடற்கரைச் சாலையில் காரில் போனால் அலை வெறும் காட்சி. படகில் உட்கார்ந்தால்தான் அலை எத்தகைய வாசற்கதவு என்பது புரியும்.

திட்டுகளை மெல்லச் சுற்றுங்கள்

தீவுகளைப் பார்க்கப் பிச்சாவரம் போங்கள். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாற்றுக்கும் தெற்கில் கொள்ளிடத்துக்கும் இடையில், சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் பரந்திருக்கும் அலையாத்திக் காடு. சிறிதும் பெரிதுமாகப் பல திட்டுகள், நடுவே நீர்ச்சந்துகள்.

மோட்டார் படகில் அகன்ற கால்வாயைச் சுற்றி வரலாம். ரசிக்க வேண்டுமானால் துடுப்புப் படகு கேளுங்கள். நான் முதல்முறை போனபோது படகுக்காரர் சொன்னார்: “மோட்டார் உள்ளே வராது சார். குனிஞ்சுக்குங்க, கிளை தலையில படும்.” சொல்லி முடிக்கும்போதே வெயில் மறைந்தது. இரண்டு பக்கமும் வேர்கள் வளைந்து நீரில் இறங்கியிருந்தன. துடுப்பை அவர் நிறுத்தியதும் சேற்றில் நண்டு ஓடும் சத்தம்கூடக் கேட்டது.

மூன்று மரங்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். வில்போல் வளைந்த வேர்களில் நிற்பது சுரபுன்னை. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட பச்சை விரல்போல் தொங்கி, பிறகு நீரில் விழும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டலின் மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் வாழும் மரம் அவற்றால்தான் சுவாசிக்கிறது. மூன்றாவது தில்லை. ஒடித்தால் பால் வடியும், அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் இந்த மரத்தால் வந்தது. கோயிலில் பெயரைக் கேட்டவர் மரத்தை இங்கே பார்க்கலாம்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்தது. காட்டுக்கு முன்னால், கடலோரத் திட்டில் இருந்த குடியிருப்புகள் பெரும் இழப்பைச் சந்தித்தன. இந்தச் செய்தி தெரிந்த பிறகு அந்த வேர்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். கிளையை ஒடிக்கவும் பிளாஸ்டிக் உறையை நீரில் போடவும் கை வராது.

இடிந்த கோட்டைகள்

வடக்கே மரக்காணத்தைத் தாண்டிக் கடப்பாக்கம் அருகில் ஆலம்பரைக் கோட்டை. உப்பங்கழி ஓரத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய இதை 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் பெற்றார்கள். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தார்கள். அங்கே மீனவர் படகில் கழியைக் கடந்து எதிர்த்திட்டுக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். மதில் முழுநீளத்துக்கு நீரின்மேல் தெரியும். கழி வழியாக வருபவரை எதிர்நோக்கிக் கட்டிய கோட்டை என்பது நீரிலிருந்து பார்க்கும்போதுதான் விளங்கும். வழியில் மரக்காணம் உப்பளங்களையும் கழுவெளிப் பறவைகளையும் தவறவிடாதீர்கள்.

தெற்கே கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் சேருமிடத்தில், புனித டேவிட் கோட்டை இருந்தது. 1690இல் செஞ்சியில் இருந்த, சிவாஜியின் மகன் ராஜாராமின் அரசிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரத்து ஊர்களும் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் அந்தக் கதையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிறகு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோது, 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது, ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த செஞ்சியும் வீழ்ந்தது. கடல் கைவிட்டுப் போனதும் மலை மூன்று மாதம்தான் தாங்கியது.

காலமும் காற்றும்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல பருவம். வெயில் தாங்கும், வலசைப் பறவைகளும் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த மாதங்களில் ஐரோப்பியக் கடற்படைகளே இந்தக் கரையை விட்டு விலகிப் போயின. புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

காலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் ஏறுங்கள். விடியலில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், பிற்பகலில் கடலிலிருந்து நிலத்துக்குத் திரும்பும். பாய்மரக் காலத்து மீனவர் ஒரு காற்றில் போய் மறு காற்றில் திரும்பினர். காற்று மாறுகிற அந்த நேரத்தைக் கன்னத்தில் உணர்ந்து பாருங்கள். தொப்பியும் குடிநீரும் எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆழமில்லாத கழியானாலும் லைஃப் ஜாக்கெட் போடாமல் ஏறாதீர்கள். குழந்தைகளுக்கு அளவான ஜாக்கெட் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, பேச்சு

கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுப் படகுக்காரரிடம் பேசுங்கள். “அண்ணே, இன்னைக்கு என்ன காத்து? முகத்துவாரம் போன வருஷம் எங்க இருந்தது?” என்று கேளுங்கள். மணல்திட்டு ஆண்டுக்கு ஆண்டு நகரும். அதன் வரைபடம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்தி அரைமணி நேரப் பேச்சில் உங்களுக்குக் கிடைக்கும்.

செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் பிறந்த பிள்ளைகள் கோட்டையைப் பலமுறை ஏறியிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர் ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்த்திருப்பார்கள்? வரும் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீட்டுப் பிள்ளைகளைச் சுண்ணாம்பாற்றுக்கு அழைத்துப் போய்ப் படகின் அணியத்தில் உட்கார வையுங்கள். “இது நம்ம செஞ்சித் தண்ணி” என்று காட்டிக்கொடுங்கள். மற்றதை அந்த ஆறு சொல்லிக்கொடுக்கும்.