அம்பாசிடரின் டோர் பேட்

எங்கள் ஊரான மல்லாங்கிணற்றின் சித்திரை வெயில் அம்பாசிடர் கதவின் உள்பக்க ரெக்சினை அப்பளமாக்கிவிடும். 2014-இல் உத்தரப்பாராவில் அந்தக் காரின் தயாரிப்பு நின்றுபோனது. மிச்சமிருக்கும் வண்டிகளின் டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்கத்தை மூடும் ரெக்சின் போர்த்திய அட்டையை, திண்ணையில் உட்கார்ந்து புதுப்பிப்பது எனக்குத் தீராத இன்பம்.

கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, கிளிப்புக்குப் பக்கத்தில் நெம்ப வேண்டும். தள்ளி நெம்பினால் அட்டை பிய்ந்துவிடும். ரெக்சினை உரித்தால் ஹார்டுபோர்டின் கீழ் விளிம்பு பெரும்பாலும் ஊதிப்போயிருக்கும். கண்ணாடி வழியே மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும்; அது வடிய அடியில் துளைகள் உண்டு. அவற்றைக் குத்திச் சுத்தம் செய்யாமல் புது ரெக்சின் ஒட்டுவது வீண் வேலை. ஊதிய அட்டையை அச்சாக வைத்துப் புதிது அறுத்துக்கொள்ளலாம்.

ரெக்சினைச் சுற்றிலும் இரண்டு விரல் கூடுதலாக வெட்டி, அதன் பின்பக்கத்திலும் அட்டையிலும் ஒட்டும் சொல்யூஷன் தடவிக் காத்திருக்க வேண்டும். தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். அவசரப்பட்டால் குமிழ் விழும். சொல்யூஷனின் ஆவி தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி ஆகாது. எங்கள் பட்டாசு வட்டாரத்தில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வளைவுகளில்தான் கை தெரியும். மடிப்புத் துணியில் சிறு ஆப்புகளாக வெட்டிவிட்டு இழுத்தால் சுருக்கம் விழாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவ வேண்டும். பிறகு கதவின் உள்பக்கத்தைப் பிளாஸ்டிக் தாளால் மறைத்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் 'டக்' என்று உட்காரும்.