முதல் சொல்லில் நின்றவர்

பாட்டுக்கு அர்த்தம் கேட்கிறவனைக் கண்டால் என் சிநேகிதர் ஒருவருக்குப் பிடிக்காது. சங்கீதத்தில் பழுத்த ரஸிகர் அவர். மார்கழி மாதம் முழுவதும் சபா சபாவாக ஏறி இறங்குகிறவர். "மல்லிகைப் பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மணம் எந்த இதழில் இருக்கிறது என்று தேடுவீரா? பாட்டை அனுபவியும் ஐயா, அகராதியை மூடி வையும்" என்பார். அவர் எதிரில் இருக்கும்போது எனக்குப் பதில் தோன்றுவதில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் ஏதாவது தோன்றும். அதற்குள் அவர் தூங்கியிருப்பார்.

பெரிய காஞ்சிபுரத்தில் குமரக்கோட்டத்து மண்டபத்தில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தபோது, அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்த இடத்திலேயே பல நூற்றாண்டுகளுக்கு முன்பு சொல்லப்பட்டுவிட்டது என்று எனக்குப் பட்டது.

குமரக்கோட்டம் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் நடுவில் இருக்கிறது. அப்பனுக்கும் அம்மைக்கும் இடையே பிள்ளை உட்கார்ந்திருக்கிற சோமாஸ்கந்தக் கோலத்தை ஊராகவே அமைத்து வைத்தது போல. அந்தக் கோயிலில் பூஜை செய்துகொண்டிருந்தவர் கச்சியப்ப சிவாசாரியார். கந்தபுராணம் அவர் பாடியது. ஆறு காண்டம், 10,345 பாட்டு. அரங்கேற்றமும் அங்கேதான் நடந்தது என்பது ஊர் வழக்கு. அரங்கேற்றத்தின் முதல் நாளில் நடந்ததாகச் சொல்லும் கதையைத் தமிழ் படித்தவர்களில் அநேகம் பேர் கேட்டிருப்பார்கள். ஆனாலும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நாம் வழக்கமாக அதைத் தவறான இடத்தில் முடித்துவிடுகிறோம் என்பது என் கட்சி.

சிவாசாரியார் பகலெல்லாம் நூறு பாட்டு எழுதி, இரவில் ஏட்டை முருகன் சந்நிதியில் வைத்துக் கதவைச் சாத்துவார். காலையில் திறந்து பார்த்தால் திருத்தம் செய்திருக்கும். முதற் பாட்டுக்கு முதற் சொல்லை எடுத்துக் கொடுத்ததும் முருகன்தான். இப்படி எழுதி முடித்த நூலை அவையில் வைத்து, விநாயகர் காப்பை எடுத்தார். முதற் சொல்லைச் சொன்னார். அவ்வளவுதான். ஒரு புலவர் எழுந்து, "நிறுத்தும்" என்றார்.

அந்தச் சொல் "திகடசக்கரம்". சிவாசாரியார் அதைத் "திகழ் தச கரம்" என்று பிரித்துக் காட்டினார். விளங்குகிற பத்துக் கைகள் என்று அர்த்தம். எழுந்தவர் அர்த்தத்தை மறுக்கவில்லை. "திகழ் என்பதும் தச என்பதும் சேர்ந்தால் திகடச என்று ஆவதற்கு விதி எங்கே?" என்றுதான் கேட்டார்.

வாசகர்கள் இலக்கணம் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடக் கூடாது, விஷயம் சுலபமானதுதான். "நாள்" என்பதும் "தோறும்" என்பதும் சேர்ந்தால் "நாடோறும்" ஆகும். ளகரம் தகரத்தோடு சேர்ந்து டகரமாகிவிடுகிறது. இதற்கு விதி உண்டு. ஆனால் திகழ் என்ற சொல்லில் இருப்பது ளகரம் இல்லை, ழகரம். ளகரத்துக்குக் கொடுத்த சலுகையை ழகரம் எப்படி எடுத்துக்கொள்ளலாம்? தொல்காப்பியத்தில் இதற்கு இடமில்லை என்றார் புலவர். (நம்மில் பாதிப் பேர் இரண்டு எழுத்தையும் ஒன்றாகத்தான் உச்சரிக்கிறோம். அப்படிப்பட்டவர்கள் மட்டும் அந்த அவையில் இருந்திருந்தால் ஆட்சேபமே எழுந்திராது.) போதாக்குறைக்கு, தச என்பதற்கும் கரம் என்பதற்கும் நடுவில் ஒரு ககர ஒற்று வேறு முளைத்திருக்கிறது. நான் கேட்ட கதைகளில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. புலவரும் ஒரு நாளைக்கு ஒரு சண்டை போதும் என்று நினைத்திருக்கலாம்.

"சொல் என்னுடையது அல்ல, முருகன் கொடுத்தது" என்றார் சிவாசாரியார். "அப்படியானால் முருகனே வந்து விதி சொல்லட்டும்" என்றார் புலவர். அவை கலைந்தது. மறுநாள் சோழ நாட்டுப் புலவர் ஒருவர் கையில் ஒரு சுவடியோடு வந்தார். சுவடியின் பெயர் வீரசோழியம். அதில் சந்திப் படலத்தை எடுத்து, ழகரத்துக்கும் அந்த விதி உண்டு என்று காட்டினார். அவை ஒப்புக்கொண்டது, வந்தவர் மறைந்துவிட்டார். முருகனே புலவராக வந்தான் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சுவடி. வீரசோழியம் பௌத்தர் செய்த இலக்கணம். பொன்பற்றி என்ற ஊரைச் சேர்ந்த புத்தமித்திரர் வீரராஜேந்திர சோழன் பெயரில் இயற்றியது. அந்த அரசன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் அவலோகிதர் என்று கூறுகிற நூல் அது. சைவர்கள் காதில் விழக்கூடாத வார்த்தை! அந்தச் சுவடியையே தூக்கிக்கொண்டு முருகன் வந்தான் என்று, முருகன் கோயில் மண்டபத்தில் இருந்துகொண்டு, சைவர்களே கதை கட்டி வைத்திருக்கிறார்கள். சொல்லுக்கு அர்த்தம் தேடும்போது சமயக் கணக்குப் பார்க்கக்கூடாது என்று கதை கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது. மணிமேகலை வந்து அறம் கேட்ட ஊர் அல்லவா?

கதை இன்னொரு காரியமும் செய்துவிட்டது. கந்தபுராணம் 8-ஆம் நூற்றாண்டில் அரங்கேறியது என்று சொல்லும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டு நூல் அதற்குச் சாட்சி சொல்ல வந்தது என்றால், பிறக்காத பிள்ளை கூண்டேறிச் சத்தியம் செய்த மாதிரிதான். ஆராய்ச்சிக்காரர்களும் கச்சியப்பரைப் பிற்காலத்தவர் என்றே கொள்கிறார்கள். இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

நாம் கதையை முடிக்கிற இடம் முருகன் மறைந்த இடம். புலவர் தோற்றார், பக்தி ஜயித்தது என்று சொல்லிச் சுண்டல் வாங்கப் போய்விடுகிறோம். எனக்கு அந்தப் புலவரை விட மனமில்லை. கதை அவருக்குப் பெயர்கூடக் கொடுக்கவில்லை. அகம்பாவி என்று வேறு சில பேர் சொல்வதுண்டு. யோசித்துப் பாருங்கள். பதினாயிரத்துச் சொச்சம் பாட்டுக் காத்துக்கொண்டிருக்கிறது. பாடியவர் ஊரறிந்த பெரியவர். அவையில் இருப்பவர்கள் தலையாட்டத் தயாராக வந்தவர்கள். அப்படிப்பட்ட இடத்தில் முதற் சொல்லிலேயே ஒருவர், "எனக்கு இது விளங்கவில்லை" என்று எழுந்திருக்கிறார். அந்த அவையில் பாட்டை முழுக் காதோடு கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முருகனும் தலையாட்டியவர்களைத் தேடி வரவில்லை. கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்லத்தான் சுவடி சுமந்து வந்தான்.

அன்று காலை ஒரு பட்டுக் கடையில் ஓர் அம்மாள் சேலை எடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்கிறார்கள். மூன்று நாடா ஓடும். ஓர் ஓரத்து நாடாவை வீச இன்னொரு ஆள் வேண்டும். அந்த அம்மாள் முந்தானையைப் பார்க்கவில்லை, ஜரிகையைப் பார்க்கவில்லை. உடலும் கரையும் சேருகிற இடத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, சேலை தெரிந்தவர் என்று இன்னும் நாலு நல்ல சேலையை எடுத்துப் போட்டார்.

சரி, விதி கிடைத்துவிட்டது. பத்துக் கை என்று நிச்சயமாகிவிட்டது. அர்த்தம் முடிந்ததா என்றால், அங்கேதான் ஆரம்பிக்கிறது. யாருடைய பத்துக் கை? அடுத்தாற்போல ஐந்து முகம் வருகிறது. ஐந்து முகமும் பத்துக் கையும் என்றால் சிவபெருமான் நினைவுதான் வரும். ஆனால் பாட்டோ பிள்ளையாருக்கு. பிள்ளையாருக்கும் ஐந்து முகமும் பத்துக் கையும் கொண்ட ஹேரம்ப கணபதி என்ற வடிவம் உண்டு. இதை வீரசோழியத்தில் தேடிப் பயனில்லை. இலக்கணம் வாசல்வரைக்கும் கொண்டுவந்து விடும். உள்ளே நாம்தான் போக வேண்டும்.

உள்ளே போனால் ஒன்று தென்படுகிறது. அந்தக் காப்புப் பாட்டின் நாலு அடியிலும் "சக்கர" என்ற ஓசை உருண்டு வருகிறது. நாலாவது அடியில் அது விகடசக்கரன் என்ற பெயராக வந்து நிற்கிறது. விகடசக்கர விநாயகர் ஏகாம்பரநாதர் கோயிலில் இருக்கிறார். அந்தப் பெயருக்கு ஒரு கதை. திருமால் தம்முடைய சக்கரத்தை வீரபத்திரர்மேல் விட, அவர் மாலையில் இருந்த மண்டையோடு ஒன்று அதை விழுங்கிவிட்டது. மீட்டுக்கொண்டு வரப் போன விஷ்வக்சேனர் கை காலைக் கோணிக்கொண்டு விகடக் கூத்து ஆடினார். மண்டையோடு சிரித்தது, சக்கரம் கீழே விழுந்தது. பிள்ளையார் அதை எடுத்துக்கொண்டார். மறுபடியும் கோணிக்கொண்டு ஆடிக் காட்டிய பிறகுதான் பிள்ளையாரும் சிரித்துச் சக்கரத்தைக் கொடுத்தார்.

இப்போது முதற் சொல்லுக்குத் திரும்புவோம். காது அங்கே சக்கரத்தைக் கேட்கிறது. பிரித்துப் பார்த்தால் சக்கரம் இல்லை, கை இருக்கிறது. முதல் அடியில் தொலைந்த சக்கரம் கடைசி அடியில் பிள்ளையாரின் பெயரில் அகப்படுகிறது. நடுவில் இருப்பது என்ன? கோணல். ழகரம் டகரமாகிக் கோணிக்கொண்டு ஆடுகிறது. விகடத்துக்கு மயங்கிச் சக்கரம் கொடுத்தவரைக் கும்பிடும்போது, சொல்லையும் கொஞ்சம் விகடமாகவே எடுத்து வைத்திருக்கிறார் கவி. அதைப் பார்த்துப் புலவர் சிரித்திருக்கலாம், கோபித்துக்கொண்டார். அவரிடம் நான் காணும் குறை அது ஒன்றுதான்.

கச்சியப்பர் இப்படி எண்ணித்தான் பாடினாரா என்று என் சிநேகிதர் கேட்பார். எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் பாட்டில் அது இருக்கிறது. அர்த்தம் கேட்காமல் ஓசையில் மட்டும் மிதந்துபோகிறவருக்கு நாலு அடியிலும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்று தொலைந்ததே தெரியாது. தொலைந்தது தெரியாதவனுக்குக் கிடைத்த சந்தோஷமும் இல்லை. இதழைப் பிய்க்காமல் வராத மணமும் உண்டு போலிருக்கிறது.

இலங்கைத் தமிழர் இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனம் என்று ஒரு வழக்கம். ஒருவர் கந்தபுராணப் பாட்டை ராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் ஒருவர் அர்த்தம் சொல்லுவார். அதற்கு அவர்கள் "பயன் சொல்லுதல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அந்த வாழ்க்கை முறைக்கே "கந்தபுராண கலாசாரம்" என்று பெயர் சொல்லி எழுதினார். வீரசோழியத்தை 1881-இல் அச்சில் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். நம் பக்கத்தில் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது, விளங்குகிற மொழியில் பாடினால் என்ன என்று கேட்டதற்கே எத்தனை மனஸ்தாபம்!

அன்று மாலை மண்டபத்தில் எனக்குச் சற்றுத் தள்ளி ஒரு முதியவர் தம் பேரனுக்கு இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்தவர். புலவர் வந்து மறைந்ததுவரை நன்றாகச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டு முடித்தார். பையனுக்கு எட்டு வயது இருக்கலாம். கும்பிடவில்லை.

"தாத்தா, பிள்ளையாருக்குக் கை அஞ்சுதானே? பத்துன்னு ஏன் சொன்னாரு?"

முதியவர் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"நாளைக்குச் சொல்றேன், வா கண்ணு" என்று எழுந்தார்.