கிளம்புகிறவர் எழுதிவைத்துப் போவது

ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பிரிவில் மாணவ உதவியாளர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தபோது நடந்தது இது. வளாகத்து அருங்காட்சியகம் ஒரு கண்காட்சிக்குப் போஸ்டர் கேட்டது. முந்தைய ஆண்டும் அதற்குப் போஸ்டர் செய்து கொடுத்தது எங்கள் பிரிவுதான். புதிதாகச் சேர்ந்திருந்த மாணவி பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தார். மூன்றாம் பதிப்பில் ஒரு நதிப் பள்ளத்தாக்கின் வரைபடம் இருந்தது. அழகான கோடுகள், கண்ணுக்கு இதமான நிறம். நான்காம் பதிப்பில் அது இல்லை. திட்டக் குறிப்பில் 'பதிப்பு 4: வரைபடம் நீக்கப்பட்டது' என்று ஒரே வரி. ஏதோ அழகு கருதி எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து, வரைபடத்தைத் திரும்பச் சேர்த்தார். எனக்கும் அது பிடித்திருந்தது. அச்சுக்குப் போனது.

போஸ்டர் ஒட்டிய மறுநாள் அருங்காட்சியகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பூர்வகுடிச் சமூகத்தின் இடுகாடுகள் இருக்கின்றன. அவை இருக்கும் இடத்தைப் பொதுவில் காட்ட வேண்டாம் என்று அந்தச் சமூகத்துப் பெரியவர்கள் ஓராண்டுக்கு முன்பே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காட்ட மாட்டோம் என்று அருங்காட்சியகம் வாக்குக் கொடுத்திருக்கிறது. வளாகம் முழுக்க நடந்து ஒவ்வொரு போஸ்டராகக் கிழித்தெடுத்தோம். அந்த ஒற்றை வரியை எழுதிய மாணவர் அதற்குள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவ்வளவு எழுதினால் போதும் என்று அவருக்குப் பழக்கியவன் நான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த ஏற்பாடு பரவலாக இருக்கிறது. நூலகம், துறைகள், ஆய்வுக்கூடங்கள், மாணவர் நலப் பிரிவு எல்லாமே வளாகத்துக்குள்ளேயே ஒரு வடிவமைப்புக் குழுவிடம் வேலை கொடுக்கின்றன. குழுவில் பெரும்பாலோர் மாணவர்கள். வேலை கொடுப்பவரை வாடிக்கையாளர் என்றே அழைக்கிறார்கள். டார்ட்மத் கல்லூரியில் 2013-இல் தொடங்கிய டாலி ஆய்வகம் போன்றவை வெளியாருக்கும் வேலை செய்து கொடுக்கின்றன. டார்ட்மத்தில் ஒரு பருவம் பத்து வாரம்தான் என்பதால், ஒரு வேலை இடையில் கைமாறுவது அங்கே விதிவிலக்காக இருக்க முடியாது. பல குழுக்களில் இரண்டு எழுத்துவேலைகள் மாணவர் தலையில் விழுகின்றன. ஒன்று, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆவணம் எழுதி வைப்பது. மற்றொன்று, அடுத்து வருகிறவருக்கு வேலை பழக்கும் கையேட்டை எழுதுவது, திருத்துவது. நிறுவனத்தின் நினைவை, அங்கே மிகக் குறைந்த காலம் தங்கி மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவரின் பொறுப்பில் விடுவது நல்ல வழக்கம்தானா என்பதுதான் என் கேள்வி.

நல்லதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது சின்ன நல்லது இல்லை. சென்னையிலிருந்து வந்த ஒரு மாணவர் தன் முதல் வேலையாக ஒரு துண்டறிக்கையை ஏ4 அளவில் செய்து கொண்டுவந்தார். அமெரிக்காவில் அலுவலகத் தாள் 'லெட்டர்' அளவு: 216 மில்லிமீட்டர் அகலம், 279 மில்லிமீட்டர் உயரம். ஏ4 அதைவிட ஒடுங்கியது, உயரமானது. முழு வேலையும் மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் கையேடு நாற்பது பக்கம். அதில் எந்தப் பக்கத்திலும் தாளின் அளவு எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதியவர்கள் எல்லாரும் அந்த ஊரிலேயே வளர்ந்தவர்கள். தாள் என்றால் அவர்களுக்கு ஒரே அளவுதான். அன்று மாலையே அந்த மாணவர் கையேட்டின் முதல் பக்கத்தில் தாளின் அளவையும், அச்சில் ஓரம் வெட்டுவதற்காக நான்கு பக்கமும் கால் அங்குலத்தில் பாதி கூடுதலாக விட வேண்டும் என்பதையும் சேர்த்தார். இருபது வருட அனுபவம் உள்ளவருக்கு இந்த ஓட்டை தெரிந்திருக்காது. தெரியாமல் தடுக்கி விழுந்தவருக்குத்தான் தெரியும். கையேட்டைப் புதியவரின் கையில் கொடுப்பதற்கு இதைவிட வலுவான நியாயம் எனக்குத் தெரியவில்லை.

அளவு, நிறத்தின் எண், எழுத்துரு, பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு இருந்தால்தான் பார்வை குறைந்தவர்களும் படிக்க முடியும் என்ற இணைய அணுகல் விதி — இவையெல்லாம் எழுதிவைத்தால் நிற்கும். யார் எழுதினாலும் நிற்கும். இந்த வகையில் மாணவர்களின் ஆவணங்கள் பெரும்பாலும் குறையில்லாதவை. பல முழுநேர ஊழியர்களின் குறிப்புகளைவிட ஒழுங்கானவை என்றும் சொல்வேன்.

வரைபடத்தை ஏன் எடுத்தார்கள் என்பது அப்படி எண்ணில் அடங்குவதில்லை. இங்கே இரண்டு பழைய கட்டுரைகளின் துணை தேவைப்படுகிறது. இரண்டுமே மென்பொருளைப் பற்றியவை. ஆனாலும் ஒரு பொருளைப் பலர் மாறி மாறிச் செய்யும் எந்தத் தொழிலுக்கும் பொருந்துகின்றன. டென்மார்க்கின் பீட்டர் நௌர் 1985-இல் எழுதினார்: ஒரு நிரலின் உயிர் அதைக் கட்டியவர்களின் மனத்தில் உள்ள புரிதலில் இருக்கிறது; அந்தப் புரிதலை ஆவணத்தால் கடத்த முடியாது; குழு கலைந்தால் நிரலும் இறந்துவிடும்; புதியவர் பழையவரோடு சேர்ந்து வேலை செய்வது ஒன்றே வழி. அடுத்த ஆண்டே டேவிட் பார்னாஸும் பால் கிளெமென்ட்ஸும் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். எந்த வடிவமைப்பும் நேர்கோட்டில் நடப்பதில்லை என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியிருந்தும், அது நேர்கோட்டில் நடந்தது போலவே ஆவணம் எழுதுங்கள், பின்னால் வருகிறவருக்குத் தேவை தர்க்கம்தான், நீங்கள் பட்ட குழப்பம் தேவையில்லை என்கிறார்கள். அதோடு ஒரு நிபந்தனையும் வைக்கிறார்கள்: எந்தெந்த மாற்று வழிகளை யோசித்தீர்கள், ஏன் ஒதுக்கினீர்கள் என்பதும் ஆவணத்தில் இருக்க வேண்டும்.

நான் படித்த மாணவர் ஆவணங்களில் முக்கால்வாசி பார்னாஸின் முதல் பாதியைப் பின்பற்றின, இரண்டாம் பாதியைக் கைவிட்டன. காரணம் எளிது. மாணவர் எழுதும் திட்ட ஆவணத்துக்கு இரண்டு வாசகர்கள். ஒருவர் அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர். இன்னொருவர், எழுதுபவருக்கு வேலை கொடுக்கப் போகும் நிறுவனத்தின் தேர்வாளர். வடிவமைப்புத் துறையில் வேலை தேடுகிறவர் தன் படைப்புத் தொகுப்பைக் காட்டியாக வேண்டும். அதில் ஒவ்வொரு திட்டமும் ஒரு கதையாக இருக்க வேண்டும்: சிக்கல் இது, ஆராய்ந்தேன், வரைந்தேன், தீர்ந்தது. ஒரே எழுத்தை இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என்று பிரிவுகளே மாணவரை ஊக்குவிக்கின்றன. விளைவாக, தேர்வாளருக்குப் பிடிக்கும் கதை மிஞ்சுகிறது. ஒதுக்கிய வழிகள் தோல்வி போலத் தெரியும் என்பதால் போய்விடுகின்றன. அடுத்தவருக்குத் தேவைப்படுவதோ துல்லியமாக அவைதான். நானும் சில ஆண்டுகள் இந்த ஊக்குவிப்பைச் செய்தேன். மாணவருக்கு நல்லது என்று நம்பித்தான் செய்தேன். இப்போது அது தவறு என்று கருதுகிறேன். இரண்டும் இரண்டு எழுத்து. தனித்தனியாக எழுதப்பட வேண்டும்.

இதைவிட ஆழமான குறை அதிகாரம் சம்பந்தப்பட்டது. வளாகத்துக்குள் வாடிக்கையாளர் என்பவர் வேறு யாரோ கிடையாது. அடுத்த செமஸ்டரில் அந்த மாணவருக்கு மதிப்பெண் போடப் போகும் பேராசிரியராக இருக்கலாம், பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவராக இருக்கலாம், கல்லூரியின் டீனாகவே இருக்கலாம். 'டீன் மூன்று முறை மனம் மாறினார், அதனால் பழைய முகப்புக்கே திரும்பினோம்' என்று பத்தொன்பது வயது மாணவர் எழுதுவாரா? எழுத மாட்டார். 'முகப்பு மாற்றப்பட்டது' என்று எழுதுவார். மாற்றப்பட்டது, நீக்கப்பட்டது, முடிவு செய்யப்பட்டது. அந்தக் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தவை. செயப்பாட்டு வினை எந்த மொழியிலும் இந்த வேலையைத்தான் செய்கிறது: செய்தவரை மறைத்துவிடுகிறது. அருங்காட்சியக விஷயத்திலும் அதுவே நடந்தது. முடிவு எடுத்தவர்கள் மூத்தவர்கள், தொலைபேசியில் பேசி எடுத்தார்கள். மாணவருக்கு வந்து சேர்ந்தது 'அந்த மேப்பை எடுத்துவிடு' என்ற சொல் மட்டும். தனக்குச் சொல்லப்படாத காரணத்தை அவர் எங்கிருந்து எழுதுவார்?

பணமும் நேரமும் இந்தக் குறையைப் பெரிதாக்குகின்றன. 1964-இன் பொருளாதார வாய்ப்புச் சட்டத்திலிருந்து வந்த மத்திய அரசின் வேலை-படிப்புத் திட்டத்தில், மாணவரின் சம்பளத்தில் பெரும்பாலும் முக்கால் பங்கு வரை அரசு தருகிறது. பிரிவுக்குச் செலவு குறைவு. அதனால் ஒருவர் போய் இன்னொருவர் வருவது பெரிய இழப்பாகத் தெரிவதில்லை. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு உண்டு. அந்தத் தொகை தீர்ந்தால் அந்தத் திட்டத்தில் வேலையும் தீர்ந்தது. ஏப்ரல் மாத நடுவில், ஒரு வேலை பாதியில் நிற்கும்போதே, 'என் ஒதுக்கீடு முடிந்துவிட்டது' என்று சொல்லிவிட்டு மாணவர் போக நேரும். எழுதிக் கையளிக்க ஒரு மணி நேரம்கூட மிச்சம் இருக்காது. தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்குப் போகிற மாணவர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது. எஃப்-1 விசாவில் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த இருபதும் வாடிக்கையாளரின் வேலைக்கே போய்விடுகிறது. ஆவணம் அறைக்குத் திரும்பிய பிறகு, சம்பளமில்லாத இரவில் எழுதப்படுகிறது. வரம்பு உள்ள விசாவில் இருப்பவரிடம் இப்படிக் கணக்கில் வராத வேலை வாங்குவது அநியாயம் மட்டும் இல்லை, அவருக்கு ஆபத்தும்கூட.

எழுதிய ஆவணம் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாணவர் தன் பல்கலைக்கழகக் கணக்கின் கூகுள் டிரைவில் எழுதி, குழுவோடு பகிர்கிறார். கோப்பு அவருடைய பெயரிலேயே இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு எல்லையற்ற இடம் தருவதை நிறுத்தப்போவதாகக் கூகுள் 2021-இல் அறிவித்தது. 2022-லிருந்து ஒரு நிறுவனம் முழுவதற்குமாக 100 டெராபைட் என்ற அளவு வந்தது. அதன்பின் பல பல்கலைக்கழகங்கள் பட்டம் பெற்றவர்களின் கணக்குகளைக் குறைத்தன அல்லது மூடின. கணக்கு போனால் கோப்பும் போகும். குழுவின் பொது டிரைவில் வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஐந்து நிமிட வேலை. ஆனாலும் இது கையேட்டின் கடைசியில் எங்கோ இருக்கும்.

அப்படியானால் எழுதுவதை விட்டுவிட்டு நௌர் சொன்னபடி கூடவே உட்கார வைத்துப் பழக்கலாமா? நம் ஊர்ப் பட்டறைகளில் காலங்காலமாக நடந்தது அதுதான்: உளியைக் கையில் கொடுக்குமுன் மாதக்கணக்கில் பக்கத்தில் நிற்க வைப்பார்கள். அதன் அருமை எனக்குத் தெரியும். பத்து வாரப் பருவத்துக்கு அது முழுமையாகப் பொருந்தாது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்க்கும் வழி ஒன்று ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களோடு சுற்றி அவர்களைக் கவனித்தவர் ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர். நிறுவனத்தின் கையேடுகள் தீர்க்காத பழுதுகளை அவர்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்லித் தீர்த்துக்கொள்வதை அவர் பதிவு செய்தார். 1996-இல் அது நூலாக வந்தது. 'யுரேகா' என்ற பெயரில் ஜெராக்ஸ் பிற்பாடு உருவாக்கிய அமைப்பில் அந்தப் பழுதுபார்ப்பவர்களே குறிப்புகளை எழுதினார்கள், சக தொழிலாளர்கள் சரிபார்த்தார்கள், எழுதியவரின் பெயர் குறிப்போடு நின்றது. பெயர் நிற்பதை அவர்கள் மிகவும் மதித்தார்கள். எங்கள் கையேட்டின் நாற்பது பக்கத்தில் ஒரு மாணவரின் பெயரும் இல்லை. தாளின் அளவைச் சேர்த்தவரின் பெயரும் இல்லை.

என் முடிவு இது. மாணவர்கள் ஆவணம் எழுதும் வழக்கம் தொடர வேண்டியதுதான். அவர்களை மட்டும் எழுதச் சொல்லும் வழக்கம் நிற்க வேண்டும். எப்படிச் செய்தோம் என்பதை மாணவர் எழுதட்டும். ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதை, முடிவெடுத்தவர் தன் பெயரோடும் தேதியோடும் எழுத வேண்டும். டீனாக இருந்தாலும் எழுத வேண்டும். கையேட்டைப் புதியவர் தன் முதல் இரண்டு வாரத்தில் திருத்தட்டும், மேற்பார்வையாளர் அதைப் படித்துக் கையெழுத்திடட்டும்.

இத்தகைய பிரிவுகளை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த செமஸ்டரில் கிளம்பும் மாணவரின் கடைசிப் பத்து மணி நேரத்தை வாடிக்கையாளருக்குக் கொடுக்காதீர்கள். அடுத்து வருகிறவரை அவர் பக்கத்தில் உட்கார வைத்து, எழுதுவதற்கும் சொல்லித் தருவதற்கும் மட்டும் அதை ஒதுக்குங்கள். இருவருக்கும் அந்தப் பத்து மணி நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள்.