தரக்குறியும் வாசிப்பும்: டெக்சாஸ் பள்ளி நூலகச் சட்டத்தை முன்வைத்து

பள்ளி நூல்களுக்குத் தரக்குறியிடுதல் பெற்றோருக்கான தகவல் என்றே கருதப்படுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம் இக்கருத்தை ஐயுற வைக்கிறது. பாலியல் சித்திரிப்புடைய நூல்களை இருவகையாகக் குறியிடும் பொறுப்பை அது விற்பனையாளர்மீது சுமத்தியது. முதல் வகையைப் பள்ளிகளுக்கு விற்கலாகாது என்றது. இரண்டாம் வகைக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றது. சூழல் நோக்கிக் குறியிடுமாறும் அது விதித்தது. ஆயின் சூழல், முழுநூலையும் வாசித்தவர்க்கே புலப்படும். ஆயிரக்கணக்கான நூல்களை விற்பவர்க்கு அவ்வாசிப்பு இயலாதது. மேலும், அக்குறியை மாநிலக் கல்வி முகமை மாற்றவும் அது இடமளித்தது. மாற்றத்தை ஏற்காதவர் பள்ளிகளுக்கு நூல் விற்க அது தடை விதித்தது. எனவே குறி விற்பனையாளருடையது, தீர்ப்போ அரசினுடையது. இது கட்டாயப் பேச்சாகலாம் எனக் கண்ட ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 2024 சனவரியில் இடைக்காலத் தடையை உறுதிசெய்தது. பெற்றோரின் அக்கறை நியாயமானதே. அதற்கு விடையளிக்கத் தக்கவர், நூலையும் மாணவரையும் ஒருங்கே அறிந்த நூலகரே ஆவர்.