தோராயமான இடம் போதும்

ஆண்ட்ராய்டு 12 வந்த 2021 முதல், புதிதாக நிறுவிய செயலி இருப்பிடம் கேட்டால் பெரும்பாலும் திரையில் இரண்டு வட்டப் படங்கள் தெரிகின்றன: ஒன்று துல்லியமான இடம், மற்றது தோராயமான இடம். தோராயத்தைத் தொட்டால், சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ இருக்கிறோம் என்பது மட்டுமே செயலிக்குப் போகும். சுரங்கத் தொழிலாளர்கள் வாழும் மந்தாரக்குப்பம் போன்ற சிறிய ஊரில்தான் இந்த வசதியின் அருமை புரியும். கடைத்தெரு, பஸ் நிலையம், அக்கம்பக்கத் தெருக்கள் எல்லாம் சேர்ந்தே மங்கிவிடுகின்றன. மழை வருமா என்று சொல்ல வானிலைச் செயலிக்கு அவ்வளவு போதும். அடகுக் கடையில் நிற்கிறோமா, டாக்டரிடம் உட்கார்ந்திருக்கிறோமா, தொழிற்சங்கக் கூட்டத்தில் இருக்கிறோமா என்பது அதற்கு வேண்டாத சங்கதி. துல்லியத்தைக் கொடுத்தாலோ, அத்தனையும் தெரிந்துவிடும். சுரங்கத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் வாழும் அந்த ஊரில், சில நாள் இருப்பிடப் புள்ளிகளைச் சேர்த்தாலே எந்த வீட்டில் இரவில் ஆள் இல்லை என்று கணித்துவிடலாம். இவ்வளவு நல்ல வசதியில் பெருங்குறை ஒன்று உண்டு: துல்லியம்தான் முன்கூட்டியே தேர்வாகி நிற்கிறது. அவசரத்தில் அனுமதியைத் தொடுகிறவர் துல்லியத்தையே கொடுத்துவிடுகிறார். பிறகு மாற்ற வேண்டுமானால், அமைப்புகளில் இருப்பிடப் பகுதிக்குப் போய் ஒவ்வொரு செயலியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

“தப்பு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரின் விஷயத்திலேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. கூகுள் மேப்ஸில் தன் இடத்தை விசாரணை அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனையை, 2024 ஜூலை 8 அன்று ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் அது ரத்து செய்தது. ஜாமீனில் இருப்பவரின் நடமாட்டத்தையே காவல்துறை ஓயாமல் பின்தொடரக் கூடாதென்றால், விளம்பரத்துக்காக ஒரு டார்ச் செயலி நம்மைப் பின்தொடர என்ன நியாயம்? வாடகைக் கார் செயலிக்குத் துல்லியம் வேண்டும் என்ற வாதம் சரியே; அதற்குப் பயன்படுத்தும்போது மட்டும் அனுமதி என்ற தேர்வு இருக்கிறது. தொலைந்த போனைத் தேடித் தரும் செயலிக்கு முழு அனுமதி தரலாம். அதைச் சாக்காக வைத்து மற்றவற்றுக்கும் திறந்துவிட வேண்டியதில்லை.

இந்த அனுமதிகள் முழுக் காவல் அல்ல. போன் நெட்வொர்க்கில் இணைந்திருக்கும்வரை டவர் வழியாக நாம் இருக்கும் பகுதி தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும். செயலி அனுமதிகளால் அதைத் தடுக்க முடியாது. கூகுள் கணக்கில் இருப்பிட வரலாற்றை நிறுத்திய பிறகும் வேறொரு அமைப்பின் வழியாக இடம் பதிவானது 2018-ல் அம்பலமாயிற்று. அந்த விவகாரத்தில் 2022-ல் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுக்க கூகுள் ஒப்புக்கொண்டது. ஆகவே கணக்கு அமைப்புகளில் அந்த இன்னோர் அமைப்பான ‘இணையம், செயலிச் செயல்பாடு’ என்ற பகுதியையும் நிறுத்தினால்தான் வேலை முடியும். கேமராவையும் விட்டுவிடக் கூடாது. இடக்குறி போட்டு எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் குறி நீங்கிவிடும். தெளிவு குறையாமல் இருக்க ஆவணமாக அனுப்பினால், வீட்டு வாசலின் அட்சரேகை, தீர்க்கரேகையும் கூடவே போகும். கேமரா அமைப்பில் அந்தக் குறியை முதலிலேயே அணைத்து வைப்பது நல்லது.